ராவுத்தர் ஏறாத சிவப்புக் காருக்கு நாலு டயர்

அருப்புக்கோட்டையில் டயர் கடையில் உட்கார்ந்த முதல் நாளே எனக்குக் கிடைத்த கேள்வி, "ஆம்பளைக யாரும் இல்லையாம்மா?" என்பதுதான். கேட்டவர் ஒரு டிராக்டர்காரர். "இருக்காக. உங்களுக்கு டயர் வேணுமா, ஆம்பளை வேணுமா?" என்று திருப்பிக் கேட்டேன். மனிதர் சிரித்துவிட்டார். அன்றைக்கு டிராக்டரின் முன் டயர் இரண்டு வாங்கிப் போனவர், கடைசிவரை என் கடையை விட்டு வேறு கடைக்குப் போகவில்லை.

அது மாமனார் வைத்த கடை. என் வீட்டுக்காரருக்கு பஸ் டிரைவர் வேலை கிடைத்ததும், "ஒரு மாசம் மட்டும் பாத்துக்க மேரி, ஆள் போட்டுருவோம்" என்றார். ஆள் போடவே இல்லை. என் இளமை முழுவதும் ரப்பர் வாசத்தில் போனது. இப்போது மகன் கடையைப் பார்க்கிறான். அவனிடம் வேலைக்கு வரும் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் காரின் பெயரைத் தட்டுகிறார்கள், டயர் சைஸ் வந்து நிற்கிறது. நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெட்டி சொல்லாத ஒரு சங்கதி இருக்கிறது. அதை அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஊர்வலத்துக்கு இருநூறு கிலோமீட்டர் வேகம்

தொண்ணூறுகளின் நடுவில், நல்ல கோடையில், கடை வாசலில் ஒரு சிவப்புக் கார் வந்து நின்றது. இரண்டே கதவு. கூரை என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. அதுவரை எங்கள் கடைக்கு வந்தவை லாரி, டிராக்டர், அம்பாசிடர், வேன், அதை விட்டால் டயர் மாட்டுவண்டி. இப்படி ஒன்று எங்கள் வாசலுக்கு வந்ததே இல்லை. டீக்கடையில் இருந்த கூட்டம் கிளாஸோடு எழுந்து வந்துவிட்டது.

எங்கள் ஃபிட்டர் முனியாண்டி அண்ணன் காரைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, "மேரிம்மா, இதுக்கு ஜாக்கி வெக்கணும்னா மொதல்ல குழி தோண்டணும்" என்றார்.

காரிலிருந்து ஒரு கையும் ஒரு காலும் முதலில் வந்தன, அப்புறம் மிச்ச ஆள் வந்தார். வீரசோழன்காரர், பெயர் சிக்கந்தர். துபாயில் கார் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். அங்கே முதலாளி ஓரமாய் நிறுத்தி வைத்திருந்த பழைய ஸ்போர்ட்ஸ் காரை இவருக்குக் கொடுத்துவிட்டார். கஸ்டம்ஸோடு மல்லுக்கட்டி ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறார். அடுத்த வாரம் திருச்சுழியில் கல்யாணம், இவர்தான் மாப்பிள்ளை.

"டயரெல்லாம் புதுசு மாதிரிதாங்க்கா இருக்கு. இருந்தாலும் கல்யாணம் பாருங்க, நாலும் மாத்திரலாம்னு பாக்கேன். இதே மாதிரி அகலமா இருக்கணும். இருநூறு கிலோமீட்டர் வேகம் தாங்கணும்."

"எங்க தம்பி அம்புட்டு வேகமா ஓட்டப் போறீக?"

"கல்யாண ஊர்வலத்துக்குத்தான்."

முனியாண்டி அண்ணன் கையிலிருந்த லீவரைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. கொட்டுக்காரர்கள் முன்னால் நடக்க, பின்னால் ஊர்ந்து போகிற காருக்கு இருநூறு கிலோமீட்டர் டயர்! நல்ல வேளை, சிக்கந்தரும் சேர்ந்து சிரித்தார். அதனால்தான் அவரை எனக்குப் பிடித்துப்போனது.

டயரைத் தொட்டுப் பார்த்தேன். பட்டன் நன்றாகத்தான் இருந்தது. பட்டன் என்றால் டயரின் மேல்பக்கத்தில் ரோட்டைப் பிடிக்கிற கட்டைகள். பாதிப் பேர் அதை மட்டும் பார்த்துவிட்டு டயர் புதுசு என்று நம்பிவிடுவார்கள். நான் குனிந்து பக்கவாட்டைப் பார்த்தேன். பாலைவன வெயிலில் வருஷக்கணக்காக நின்ற டயர், வற்றிய கண்மாய்த் தரை மாதிரி வெடித்துக் கிடந்தது. வெடிப்பில் என் நகம் உள்ளே போனது.

"தம்பி, இதுல வீரசோழன்லருந்து இங்க வந்து சேந்ததே கர்த்தரோட கிருபை. திரும்ப இதுல போகாதீக" என்றேன். மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது.

யார் யார் ஏறப் போறீக?

இரண்டு வழி இருந்தது. மதுரையில் வெளிநாட்டு டயர் கொண்டுவந்து விற்கிற ஒருவரிடம் அதே சைஸ், அதே அகலம் கிடைக்கும். பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் பக்கவாட்டு உயரம் கம்மி. நரிக்குடி ரோட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் டயர் உட்காரும் சக்கர டிஸ்க் நெளியும், சீமைக்கருவேல முள் ஏறினால் அந்த டயரைக் கழற்றி மாட்ட நம் பக்கத்தில் ஆள் கிடையாது. இரண்டாவது, வேன் டயர். அதே டிஸ்க்கில் உட்காரும். அகலம் குறைவு, உயரம் கூடுதல், பாரம் தாங்கும், முள்ளுக்கும் லேசில் மசியாது. அழகு மட்டும் கிடையாது.

சிக்கந்தர் வேன் டயரைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "என்னக்கா நீங்க, ஆட்டுக்குட்டிக்கு ஒட்டகக் காலு வெக்கச் சொல்றீக" என்றார்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. லாரியோ காரோ, அதில் ஏறப்போகிற பாரத்தைத் தெரிந்துகொள்ளாமல் டயர் மாட்ட மாட்டேன். முடிந்தால் ஆட்களையே வரச்சொல்லி உட்கார வைத்துப் பார்ப்பேன். "ஊர்வலத்துல யார் யார் ஏறப் போறீக?" என்று கேட்டேன்.

"நாந்தான் ஓட்டுவேன். பின்னாடி தங்கச்சி பிள்ளைக ரெண்டு. முன்னாடி எங்க அத்தா..." அப்பாவைச் சொல்லவந்தவர் அதோடு நிறுத்திவிட்டார். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"ஏன், அத்தாவுக்கு என்ன?"

"கார் வந்து ரெண்டு மாசமாச்சுக்கா. ஒரு தடவகூட ஏறல. கூப்புட்டா, எனக்கு பஸ்ஸு போதும்ங்கறாரு. காசக் கரியாக்கிட்டேன்னு கோவம் போல. சைக்கிள்ல துணி மூட்டையக் கட்டிக்கிட்டு ஊர் ஊராப் போயி எங்களை வளத்தவரு. என் கல்யாணத்தன்னைக்கு பக்கத்துல உக்காந்து வரணும்னு ஆசை. அது முடிஞ்ச கையோட நான் துபாய்க்குக் கெளம்பிருவேன். அவுக வராம இந்தக் காரு எனக்கு எதுக்கு?"

சொல்லும்போது குரல் உடைந்துபோனது. அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்டது டயர் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் நான் டயர்க்காரி, என் கையில் இருப்பது டயர்தான்.

"கார் இங்கயே நிக்கட்டும். நாளைக்கு அத்தாவக் கூட்டிக்கிட்டு வாங்க. அவுக உக்காந்து பாரம் பாக்காம டயர் போட மாட்டேன்னு கடைக்காரி அடம்பிடிக்கான்னு சொல்லுங்க" என்றேன்.

பலகை

மறுநாள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அத்தா மீரா ராவுத்தர் கட்டையான மனிதர், வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. என் கடைக்கு மூன்று படி. அவர் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, ஷட்டர் ஓரத்தைப் பிடித்துத்தான் ஏறினார். வேறு யாராவது பார்த்திருந்தால் வயசு என்று நினைத்திருப்பார்கள். மூட்டுவலிக்காரியான எங்கள் அம்மாவோடு வளர்ந்தவள் நான், எனக்கு அந்த நடை தெரியும்.

"பாய், கொஞ்சம் காருக்குள்ள உக்காருங்க. எவ்வளவு காத்து வெக்கணும்னு பாக்கணும்."

கதவைத் திறந்தோம். ராவுத்தர் கூரையைப் பிடித்துக்கொண்டு பாதி குனிந்தார். அங்கேயே நின்றார். முகத்தில் ஒரு சுளிப்பு வந்து மறைந்தது. நிமிர்ந்து, "இது மனுசன் ஏறுற காராம்மா? எனக்கு வேணாம்" என்று சிடுசிடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

சிக்கந்தர் என்னைப் பார்த்து, "பாத்தீகளாக்கா?" என்றார். கண்ணில் தண்ணீர்.

"தம்பி, நீங்க போயி எல்லாருக்கும் டீ சொல்லிட்டு வாங்க. நின்னு போடச் சொல்லி வாங்கிட்டு வரணும்" என்று விரட்டினேன். அவர் அந்தப் பக்கம் போனதும் ராவுத்தரிடம் போய் நின்றேன். "பாய், மூட்டுத்தான?"

சுற்றுமுற்றும் பார்த்தார். "அவன்கிட்ட சொல்லிறாத தாயி. ரெண்டு முட்டியும் போச்சு. கீழ உக்காந்தா எந்திரிக்க ஏலல. தெரிஞ்சா, அத்தாவப் பாக்கணும்னு பயணத்த விட்டுட்டு இங்கயே உக்காந்துருவான். நாளைக்கு அவன் பொண்டாட்டி பிள்ளைக்குச் சோறு போடணும்ல? கோவக்காரன்னு நெனச்சாலும் நெனச்சுட்டுப் போறான்."

அடப்பாவி மனுசா, இரண்டு மாதமாகவா இப்படி ஒரு நாடகம்!

"முனியாண்டி அண்ணே, அந்தப் பலகைய எடுங்க" என்றேன். சேற்றில் சிக்கும் லாரிக்குப் போட வைத்திருந்த பலகைகள். வேன் டயர் மாட்டினால் கார் எவ்வளவு உயருமோ, ஏறக்குறைய அதே கனம். நாலு சக்கரத்தின் கீழும் ஒவ்வொன்று கொடுத்து ராவுத்தரை உட்காரச் சொன்னேன். பாதி தூரம் போனார், முட்டி பிடித்தது. இன்னும் ஒவ்வொரு பலகை கொடுத்தோம். மெதுவாய்ச் சாய்ந்து, அம்மா என்று ஒரு சத்தம் போட்டு, உட்கார்ந்தேவிட்டார்! எழுந்தும் பார்த்தார், முடிந்தது. மறுபடி உட்கார்ந்தார். டேஷ்போர்டைத் தடவிப் பார்த்தார்.

"ஒரு பலகை உசரம் டயர்ல கெடைக்கும். இன்னொண்ணுக்கு என்ன செய்ய?" என்று கேட்டேன்.

முனியாண்டி அண்ணன் சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். "சீட்ட நாலு போல்ட்டுலதான் மாட்டிருக்கான். நடுவுல பேக்கிங் குடுத்துத் தூக்கிரலாம். பாய் கட்டையான ஆளுதான், தலை இடிக்காது" என்றார்.

டீயோடு வந்த சிக்கந்தர், அத்தா காருக்குள் இருப்பதைப் பார்த்து அப்படியே நின்றார். நான் அவரை ஓரமாய் இழுத்துப் போனேன்.

"தம்பி, ஒண்ணு சொல்லுங்க. காரு அழகா இருக்கணுமா, அத்தா ஏறணுமா? காரணம் கேக்காதீக."

அவர் காரின் கீழே இருந்த பலகைகளைப் பார்த்தார். அத்தாவின் கால்களைப் பார்த்தார். மெக்கானிக் அல்லவா, புரிந்திருக்கும். ஆனால் கடைசிவரை ஒரு வார்த்தை வெளியே விடவில்லை. "வேன் டயரையே போடுங்கக்கா" என்றார்.

மாட்டியதும் ஒரு தொல்லை. ஸ்டீரிங்கை முழுசாய் ஒடித்தால் முன் டயர் மட்கார்டில் உரசியது. முனியாண்டி அண்ணன் ரப்பர் சுத்தியலை எடுத்து உள்விளிம்பை மடக்கப் போனார். துபாயிலிருந்து பொத்திப் பொத்திக் கொண்டுவந்த கார் இல்லையா, ஒவ்வொரு அடிக்கும் மாப்பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டார். ராவுத்தர் மட்டும் உள்ளே உட்கார்ந்தபடி, "நல்லாப் போடுப்பா, நல்லாப் போடு" என்றார்.

திருச்சுழியில்

கல்யாணத்துக்கு நானும் வீட்டுக்காரரும் போனோம். கொட்டுச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், சிவப்புக் கார் ஒட்டகக் காலோடு ஊர்ந்து வருகிறது. சிக்கந்தர் மாலையும் கழுத்துமாய் ஓட்டுகிறார், பக்கத்தில் ராவுத்தர் வெளியே பார்த்து ஆள் ஆளுக்குக் கை தூக்குகிறார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. "டயர் வித்ததுக்கு அழுகுற ஒரே ஆளு நீதான்டி" என்றார் என் வீட்டுக்காரர்.

பெண் வீட்டு வாசலில் மாப்பிள்ளை இறங்கினார். பின்னால் இருந்த பிள்ளைகளும் குதித்தார்கள். ராவுத்தர் இறங்கவில்லை. போச்சு, முட்டி பிடித்துக்கொண்டது, சபையில் இப்படியா என்று பதறிப்போய் ஓடினேன். கதவுப் பக்கம் குனிந்து, "பாய், கை குடுங்க" என்றேன்.

"எதுக்குத் தாயி?" என்றார். பிறகு மகனைப் பார்த்து, "ஏப்பா, நிக்காஹ்வுக்கு இன்னும் நேரம் கெடக்குல்ல? இன்னொரு சுத்து போயிட்டு வருவோம், ஏறு" என்றார்.

மாலையோடு இறங்கிய மாப்பிள்ளை, மாலையோடேயே திரும்ப ஏறினார். நிக்காஹ் ஓத வந்த ஹஜ்ரத் உட்பட மொத்தச் சபையும் காத்துக்கிடந்தது.

மறுபடி டயர்

சிக்கந்தர் துபாய்க்குப் போய்விட்டார். ஒரு வருஷம் ஆகியிருக்காது, அதே கார் கடை வாசலில் வந்து நின்றது. உள்ளூர் டிரைவர் ஒருவர் ஓட்டி வந்தார். ராவுத்தர் சீட்டிலிருந்து காலை எடுத்து வைத்து இறங்கினார். டயரைப் பார்த்தேன், நாலும் மொட்டை. வேன் டயர் அவ்வளவு சீக்கிரம் தேயாது. "என்ன பாய், சவாரி அடிக்கீகளா?" என்று கேட்டேன்.

டிரைவர்தான் பதில் சொன்னார். "காலைல நரிக்குடி, சாயங்காலம் திருச்சுழின்னு ஒரு நாள் சும்மா விடுறதில்லக்கா. அந்தக் காலத்துல இவுக சைக்கிள்ல துணி வித்த ஊரு ஒண்ணு பாக்கியில்ல."

அதே டயர் நாலு எடுத்து வைக்கச் சொன்னேன். ராவுத்தர் அதைப் பார்த்துவிட்டு, டிரைவர் காதில் விழாதபடி என் பக்கம் சாய்ந்தார்.

"தாயி, இது எண்பதுக்கு மேல போனா குலுங்குது. இதவிட வேகமாப் போற டயரு இருக்கா?"

ஆகவே பிள்ளைகளே, டயர் விற்கும்போது கார் என்ன, ரோடு என்ன என்று கேளுங்கள், அதோடு அதில் ஏறப்போகிறவர் யார் என்றும் கேளுங்கள். போன தடவை கேட்டோமே என்று விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் புதிதாய்க் கேளுங்கள், ஏனென்றால் அதே ஆள் திரும்பி வந்தாலும் பழைய ஆளாக இருக்க மாட்டார்.