‘உங்க ஆளு’ என் ஜீப்பில் ஏறிய திங்கட்கிழமை

1. ராகுகால டிரைவர்

நான் பேசாத ஒரு பேச்சுக்காக ஒருமுறை என் வேலை போகப் பார்த்தது. பேசியவர் ஒரு நாடக நடிகர், பெரிய பெயர். நானோ போடியில் ஞானமுத்து முதலாளியிடம் ஜீப் டிரைவர். எங்கள் இருவருக்கும் இருந்த ஒரே ஒற்றுமை, அவருக்கும் சாமி நம்பிக்கை கிடையாது, எனக்கும் கிடையாது. அவர் அதை மைக் வைத்துச் சொல்வார். நான் யாராவது கேட்டால் சொல்வேன். கேட்டவர்களும் ‘பரமசிவம்னு பேர வெச்சுக்கிட்டா?’ என்று சிரித்துவிட்டுப் போவார்கள். பெயர் வைத்தது நானா?

இது ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. போடியிலிருந்து ஏலத்தோட்டத்து ஆட்களைப் போடிமெட்டுக்கு ஏற்றிப் போவது என் சோலி. வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி இரண்டே கேள்விதான் கேட்டார்.

“சாமி கும்பிடுவியா?”

“இல்லைங்க முதலாளி.”

“ராகுகாலம் பாப்பியா?”

“பாக்குறதில்லைங்க.”

“அப்ப திங்கக்கெழம வண்டி ஒனக்குத்தான்!” என்று தொடையைத் தட்டினார். திங்கட்கிழமை காலை ஏழரை முதல் ஒன்பது வரை ராகுகாலம். ஆட்கள் மலையேற வேண்டியதும் அந்த நேரம்தான். மற்ற டிரைவர்கள் ஒருவரும் சாவியைத் தொட மாட்டார்கள். முதலாளியோ கிறிஸ்தவர்.

“நாம வேதக்காரங்க, நமக்கு இதெல்லாம் கெடையாதுப்பா. ஆனா வண்டி இந்துகிட்ட வாங்குனது பாரு. அதுக்குன்னு ஒரு பழக்கம் இருக்கும்ல?” என்றார். நான் சாவியை வாங்கிக்கொண்டேன்.

வண்டியில் ஏறுவது பேச்சியக்காவும் அவள் கூட்டத்துப் பெண்கள் பத்துப் பேரும். பேச்சியக்கா கங்காணி, பத்துப் பேருக்கும் வேலை பிரித்துக் கொடுப்பவள் அவள்தான். சாமி விஷயத்தில் ஒரு இம்மி பிசகமாட்டாள். அப்படியானால் ராகுகாலத்தில் எப்படி ஏறுவாள்? அதற்கும் வழி வைத்திருந்தாள். ஏழு மணிக்கே வந்து தன் தூக்குச்சட்டியை ஜீப்பில் வைத்துவிடுவாள். சட்டி ஏறிவிட்டால் அவளும் ஏழு மணிக்கே புறப்பட்டுவிட்டதாக அர்த்தம். மேலுக்கு அரை மணி நேரம் நின்று வெற்றிலை போடுவாளே தவிர, அவள் அப்போது பயணத்தில் இருக்கிறாள்.

மலை தொடங்கும் இடம் முந்தல். அங்கே கருப்பசாமி கோயில் வாசலில் எல்லா வண்டியும் நிற்கும். பெண்கள் இறங்கிச் சூடம் ஏற்றுவார்கள். எங்கள் ஜீப்பின் ரேடியேட்டர் ஒழுகும். போடியில் நிரப்பினால் முந்தல் வருவதற்குள் கால்வாசி காணாமல் போகும். அதனால் அவர்கள் கும்பிடுகிற ஐந்து நிமிஷத்தில் நான் கோயில் கிணற்றில் இறைத்து ரேடியேட்டரில் ஊற்றுவேன், தகர டின்னையும் நிரப்பிக்கொள்வேன், பிரேக் பார்ப்பேன், டயரைத் தட்டுவேன். இரண்டு தரப்புக்கும் அந்த ஸ்டாப் வேண்டும். மூன்று வருஷம் ஒரு சண்டை கிடையாது.

2. பேச்சு

பங்குனி மாதம் ஒரு சனிக்கிழமை அந்த நடிகர் நாடகம் போட வந்தார். நாடகத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் பேசினாராம். நான் போகவில்லை, வண்டியின் வில்பட்டை ஒடிந்து ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தேன்.

மறுநாள் காலை பேச்சியக்கா பட்டாளத்தோடு ஜீப் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டாள்.

“என்னப்பு, உங்க ஆளு எங்கள அந்தக் கிழி கிழிக்கிறாரு?”

“எங்க ஆளா? யாருக்கா?”

“ஒண்ணும் தெரியாத மாதிரி பேசாத. ‘ஏலக்கா எடுக்கப் போற பொம்பளைங்க முந்தல்ல எறங்கிக் கல்லக் கும்பிடுதுங்க, கல்லா வண்டிய ஓட்டுது? அதுங்கள விட அதுங்க தூக்குச்சட்டிக்கு மூள ஜாஸ்தி’ன்னு மைக்குல சொல்றாரு. கொட்டாயே எங்களப் பாத்துச் சிரிக்குது. என் தூக்குச்சட்டி சமாச்சாரம் அந்த மனுசனுக்கு எப்படித் தெரியும்? நீதான சொல்லிக் குடுத்த?”

“சத்தியமா இல்லக்கா.”

“யாரு மேல சத்தியம்?”

பின்னால் நின்ற பெண்கள் “பாத்தியா, பாத்தியா” என்றார்கள்.

எனக்கும் கோபம் வந்துவிட்டது. “அவரு பேசுனதுக்கு நான் எப்படி ஜவாப் சொல்றது? போன மாசம் முந்தல் பூசாரி சாராயத்தப் போட்டுட்டு வேப்பமரத்துல ஏறி எறங்க மாட்டேன்னாரே, அதுக்கு ஒன்னயக் கேட்டனா? சாமி கும்பிடுறவங்க எல்லாம் மரத்துல ஏறுவாங்கன்னு சொன்னனா?” என்றேன்.

நியாயமான பேச்சு என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பூசாரி பேச்சியக்காவின் கூடப்பிறந்த தம்பி என்பது எனக்கு அதுவரை தெரியாது.

“நாளைக்கு ஒன் வண்டியில எவளும் ஏற மாட்டா. நடந்தே போவோம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முதலாளி தலையில் கை வைத்தார். “பதினோரு டிக்கெட்டு போச்சேப்பா! அந்த அம்மா சொன்னா மத்த கங்காணிகளும் வர மாட்டாங்க. நீ அந்த நடிகரப் போய்ப் பாரு. ஒரு வருத்தம் வாங்கிட்டு வா. இல்லன்னா வார வாரம் இந்த வம்பு எனக்கு ஆகாது, வேற டிரைவர் பாத்துக்கிறேன். இன்னொண்ணு, அவரு மனசும் கோணக் கூடாது. அவரு சிநேகிதருதான் நமக்குச் சவாரி குடுக்குற மேல தோட்டத்து மொதலாளி.”

3. தோழர்

நடிகர் வெளியூர்க்காரர்கள் தங்கும் முசாபரி பங்களாவில் பட்டு ஜிப்பா போட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாமி நம்பிக்கை இல்லாத டிரைவர் என்று வாட்ச்மேன் சொன்னதும் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். சட்னி என் தோளில்.

“தோழரே! ஏலமலையின் இருளில் எரியும் ஒற்றைச் சுடரே!”

நான் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண்களின் மனசு நோகிறது, ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றேன்.

“பகுத்தறிவு மன்னிப்புக் கேட்பதா? வரலாறு நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, தோழரே!”

நான் திரும்பிப் பார்த்தேன். வாட்ச்மேன்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நாளையே என் நண்பரின் தோட்டத்துக்கு உங்கள் ஜீப்பில் வருகிறேன். ராகுகாலம் எப்போது?”

“ஏழரைங்க.”

“ஏழரைக்கே புறப்பட்டு நாட்டுக்குக் காட்டுவோம்!”

நான் மூன்று வருஷமாக வாரா வாரம் ஏழரைக்குத்தான் புறப்படுகிறேன். யாருக்கும் எதையும் காட்டியதில்லை. இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு பெரிய மனிதர் தோழர் என்று கட்டிக்கொண்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனவன் பல்லை இளித்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

4. ஆறாவது வளைவு

மறுநாள் முன்சீட்டில் நடிகர். பின்சீட்டில் முதலாளி, அவர் மடியில் நடிகரின் மேக்கப் பெட்டி. இன்னொரு பெட்டிக்கு இடம் இல்லை என்று தண்ணீர் டின்னை ஸ்டாண்டிலேயே இறக்கி வைக்கச் சொன்னார்கள். சரியாக ஏழரைக்கு வண்டியை எடுத்தேன். நடிகர் கை தட்டினார். முதலாளி துண்டுக்குள் கையை விட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

முந்தல் வந்ததும் வேகத்தைக் குறைத்தேன்.

“ஏன் தோழரே?”

“ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தணுங்க. கெணறு இங்கதான் இருக்கு.”

“கோயில் வாசலில் நானா? நின்றால் கும்பிட்டேன் என்று நாளைக்கே ஊர் சொல்லும். நிறுத்தாதீர்கள், ஓட்டுங்கள்!”

“தண்ணி இல்லாம மல ஏறாதுங்கய்யா.”

“அவரு சொல்றதக் கேளுப்பா” என்றார் முதலாளி.

டிரைவர் நான். தண்ணீர் வேண்டும் என்று தெரிந்தவன் நான். ஆனாலும் மிதித்துவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே இரண்டு அறை அறையலாம் போலிருக்கிறது.

ஆறாவது வளைவில் வண்டி பெருமூச்சு விட்டு நின்றது. பானெட்டைத் திறந்தால் முகத்தில் ஆவி அடித்தது. பக்கத்து ஓடை மாசியிலேயே வற்றிவிட்டது. மூன்று பேரும் வெயிலில் நின்றோம்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். குறுக்குப் பாதையில் பேச்சுச் சத்தம் கேட்டது. விடியும் முன்னே போடியிலிருந்து நடக்கத் தொடங்கிய பேச்சியக்காவும் பத்துப் பேரும், தலையில் மூட்டையும் கையில் தூக்குச்சட்டியுமாக ரோட்டில் ஏறினார்கள்.

“என்னப்பு, வண்டி படுத்துக்கிச்சா?”

“தண்ணி இல்லக்கா.”

“முந்தல்ல ஊத்தலையா?”

நடிகர் முன்னால் வந்தார். “தாய்மார்களே! நான்தான் நிறுத்த வேண்டாம் என்றேன். கோயில் முன்னால் நின்றால் கும்பிட்டதாகிவிடும்.”

“அங்க நாயுந்தான் நிக்குது. அது கும்பிடவா நிக்குது?” என்றாள் பேச்சியக்கா. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பேச்சியக்கா மூட்டையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “பரமசிவம், இவரு முன்னாடியே கேக்குறேன். இவரு உங்க ஆளா?”

முதலாளி நடிகரின் முதுகுக்குப் பின்னால் நின்று எனக்குக் கண்ணைக் காட்டினார். ஆமாம் என்றால் பெண்கள் போய்விடுவார்கள். இல்லை என்றால் நடிகர் மனசு கோணும். இரண்டில் எது சொன்னாலும் என் சாவி போய்விடும்.

“இல்லக்கா. எனக்கும் சாமி கெடையாது, அவருக்கும் கெடையாது. அதோட சரி. அவரு இன்னைக்கு என் சவாரி. ஒங்கள அப்படிப் பேசுனது தப்பு. அவரு காது கேக்கவே சொல்றேன்.”

“தோழரே!” என்று நெஞ்சைப் பிடித்தார் நடிகர்.

“டிரைவர்னே கூப்பிடுங்கய்யா, அதுவே போதும்.”

பேச்சியக்கா தலையை ஆட்டினாள். “ஊர்ல நீ எத்தன தடவ சொன்னாலும் அது கணக்கு இல்ல. இப்ப இவரு முன்னாடி சொன்னதுதான் சொல்லு. சரி, எங்க சங்கதிய இவருக்கு ஓதுனது யாரு?”

நடிகர் அப்பாவியாக, “அதுவா? சனிக்கிழமை மதிய விருந்தில் உங்கள் முதலாளிதான் சொன்னார். தூக்குச்சட்டியை நடித்தே காட்டினாரே!” என்றார்.

பன்னிரண்டு தலை பின்னால் திரும்பியது. முதலாளி மேக்கப் பெட்டியைத் திறந்து உள்ளே எதையோ மும்முரமாகத் தேடினார்.

“ஓ! அப்ப வேதக்காரங்க எல்லாருமே கோள்சொல்லிங்கதானா?” என்றாள் பேச்சியக்கா.

முதலாளி பதறிப்போனார். “அய்யய்யோ, அப்படிச் சொல்லாத ஆத்தா! எங்க சபையில அத்தன பேரும் தங்கமானவங்க! சொன்னது நான் மட்டுந்தான், நான் ஒருத்தன் மட்டுந்தான்!”

“இதத்தானய்யா இவன் நேத்து புடிச்சுக் கத்துறான்” என்றாள் பேச்சியக்கா.

முதலாளி மேக்கப் பெட்டியை மூடினார். அதற்குப் பிறகு வேறு டிரைவர் என்ற பேச்சே அவர் வாயிலிருந்து வரவில்லை.

பெண்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் ஊற்றினோம். போதவில்லை. கடைசியில் பெண்கள் தூக்குச்சட்டியைத் திறந்து நீராகாரத்தை என் துண்டில் வடிகட்டி ஊற்றினார்கள். துண்டில் சோற்றுப் பருக்கையும் சின்ன வெங்காயமும் மிஞ்சின. உப்புத் தண்ணீர் ரேடியேட்டருக்கு ஆகாது என்று தெரிந்துதான் ஊற்றினேன். ஒரு வாரம் அந்த வண்டி பழையசோறு நாற்றம் அடித்தது. பெண்கள் பதினோரு பேரும் ஏறிக்கொண்டார்கள். நடிகருக்கு இடம் கிடைத்தது பின்பக்க டெயில்போர்டுப் பலகை மேல்தான். ஒவ்வொரு வளைவிலும் “மெதுவாக, டிரைவர், மெதுவாக!” என்றார்.

5. இளைய டிரைவர்களுக்கு

முதல் பாடம், சவாரி எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் தண்ணீர் பார்க்காமல் மலை ஏறாதீர்கள். அடுத்த பாடம் எனக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் கிடைத்தது.

சாமி இல்லை என்று பேசுகிற இன்னொரு பிரபலம், தேவாரம் ஊர்ப்பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தன் செலவில் கட்டடம் கட்டிக் கொடுத்தார். அன்றைக்கு டீக்கடைக்குப் போனால், கடைக்காரர் எழுந்து நின்று, “வாங்கண்ணே! உங்க ஆளு உசந்த காரியம் பண்ணிட்டாரு. டீக்குக் காசு வேணாம், பஜ்ஜியும் எடுத்துக்குங்க” என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ‘உங்க ஆளு’ என்ற பேச்சுக்கு அதுவரை திட்டு மட்டுமே வாங்கியவன் நான். பஜ்ஜி வேறு சூடாக இருந்தது.

“அவரு நல்லவருதான். ஆனா எங்க ஆளு இல்லண்ணே” என்று சொல்லிவிட்டு, டீக்கும் பஜ்ஜிக்கும் காசை எடுத்து வைத்தேன். திட்டு எனக்கு இல்லை என்றால் இனாம் பஜ்ஜியும் எனக்கு இல்லை.