இரண்டு நிமிட மஞ்சள்

எஸ்தர் என்னைத் தொலைபேசியில் அழைப்பது வருடத்துக்கு ஒருமுறை, கிறிஸ்துமஸ் அன்று. அதனால் ஒரு புதன்கிழமைக் காலையில் அவள் பெயர் திரையில் வந்தபோதே ஏதோ சரியில்லை என்று தோன்றியது. "சண்முகம், இம்தியாஸ் எறந்துட்டான்" என்றாள். "எந்த இம்தியாஸ்?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த இம்தியாஸ் ஒருவன்தான். அவள், விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்தவன் குளியலறை வாசலில் விழுந்துவிட்டான் என்றும், வேலூருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றும், மாலை வாணியம்பாடியில் அடக்கம் என்றும் சொன்னாள். நான் வகுப்புக்குப் போய் வருகைப்பதிவு எடுத்தேன். பாடமும் நடத்தினேன். என்ன நடத்தினேன் என்பது நினைவில்லை.

நம் துறையின் பழைய மாணவர் மலருக்கு அவனைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று கேட்டார்கள். எங்களுக்குள் இருபத்து நான்கு வருடமாகச் சரியான பேச்சு இல்லை என்பது கேட்டவர்களுக்குத் தெரியும். அவன் செய்ததைப் பற்றி உங்களில் பலரிடம் நானே சொல்லியிருக்கிறேன். ஒத்துக்கொண்டபோது அதையே கொஞ்சம் மரியாதையாக எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். இப்போது எதை எழுதுவது என்று தெரியவில்லை.

கல்லூரியில் முதல் வருடத்தில் எங்களுக்கு ஒளிப்பதிவு சொல்லித்தர ஆள் இல்லாத மூன்று மாதங்கள் இருந்தன. கேமரா பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது. துறைத் தலைவரிடம் மனு எழுதிக்கொண்டு போனவன் நான். இரண்டு பக்கம், பிழையில்லாத தமிழ். அவர் படித்துவிட்டு மேசையில் வைத்தார். மறுநாள் இம்தியாஸ் அவர் காலுக்கு ஒரு செருப்பைத் தன் மாமாவின் கம்பெனியில் தைத்துக் கொண்டுவந்து கொடுத்தான், சாவி கிடைத்தது. "ப்ரொபஸர், நீ ஜாஸ்தி எழுதுற. அவருக்கு கால் வலி, அத மொதல்ல பாரு" என்றான். அன்றிலிருந்து நான் அவனுக்கு ப்ரொபஸர். பிற்பாடு நான் நிஜமாகவே ஆசிரியனானபோது அந்தப் பெயர் எனக்குக் கேலியாகவே கேட்டது. அவன் கேலியாகச் சொன்னானா என்பது வேறு விஷயம்.

மூன்றாம் வருடத்தில் எங்களுக்குக் கொடுத்த பயிற்சி உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு குறும்படத்தின் தொடக்கம் மட்டும், இரண்டு நிமிடம். மூன்று மூன்று பேராகக் குழு. எடுத்து முடித்தபின் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதி வகுப்பில் எழுந்து நின்று வாசிக்க வேண்டும்: என்ன நினைத்தோம், என்ன வந்தது, எங்கே தவறினோம். எங்கள் குழுவில் நான், இம்தியாஸ், எஸ்தர். எஸ்தரின் அப்பா ஆம்பூரில் ஷூ கம்பெனி சூப்பர்வைசர். இம்தியாஸின் குடும்பத்துக்கு வாணியம்பாடியில் ஒரு சின்ன டேனரி, தோல் பதனிடும் கொட்டகை. கணியம்பாடியில் நிலக்கடலை போட்டுக்கொண்டிருந்த வீட்டிலிருந்து வந்த எனக்கு அந்தக் கேமராதான் எல்லாம்.

படம் இப்படித் தொடங்கும்: ஷிப்ட் ஆரம்பிக்குமுன் ஒரு பெண் டிபன் கேரியருடன் டேனரிக்குள் வருகிறாள். தொங்கும் தோல்களுக்கு நடுவே நடக்கிறாள். காற்று இல்லை. ஒரு தோல் மட்டும் அசைகிறது. அவள் நிற்கிறாள். அவ்வளவுதான். அந்தப் பெண் எஸ்தர். டேனரி இம்தியாஸுடையது. கேமரா வேலை என்னுடையது.

கேமராவுக்கு எது வெள்ளை என்று முதலில் காட்ட வேண்டும். ஒரு வெள்ளைத் தாளைக் காட்டிப் பொத்தானை அழுத்துவார்கள். அன்று காலை எங்களிடம் தாள் இல்லை. டிரம்மிலிருந்து எடுத்த ஈரத் தோல்கள் அங்கே அடுக்கிக் கிடந்தன. குரோம் உப்பில் ஊறிய தோல் வெளிர்நீலமாக இருக்கும். வெட் ப்ளூ என்பார்கள். குண்டு பல்பு வெளிச்சத்தில் அது வெள்ளையாகத்தான் தெரிந்தது. அதைக் காட்டிப் பொத்தானை அழுத்தினேன். நீலத்தை வெள்ளை என்று நம்பிய கேமரா, பிறகு பார்த்த எல்லாவற்றின் மேலும் மஞ்சளைப் பூசிவிட்டது. வேறு எந்த ஊர்ப் பிள்ளைகளும் இந்தத் தவறைச் செய்திருக்க முடியாது. கல்லூரிக்கு வந்து டிவியில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. எஸ்தரின் முகம், தொங்கிய தோல்கள், சுவர் எல்லாம் சாயங்கால வெயிலில் நனைந்தது போல இருந்தன. திரும்ப எடுக்கக் கேமரா கிடைக்காது. அடுத்த குழு எடுத்துக்கொண்டு போய்விட்டது. நான் அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "இத மாத்தாதீங்க, இதுதான் படம்" என்றேன். என் வாழ்க்கையில் ஒரு கலைஞனாக நான் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

வாசிக்கும் நாளில் சென்னையிலிருந்து ஓர் ஒளிப்பதிவாளர் தேர்வாளராக வந்திருந்தார். படங்களைப் பார்த்துவிட்டு, எங்களுடையது ஓடி முடிந்ததும், "இந்த நிறத்தப் புடிச்சவன் யாரு? அவன் எனக்கு வேணும்" என்றார். நான் முதலில் எழுந்து வாசித்தேன். அந்த மஞ்சள் ஆரம்பத்திலேயே திட்டமிட்டது என்று எழுதியிருந்தேன். பாதி உண்மை. அடுத்து இம்தியாஸ் எழுந்தான். "மஞ்சள் கலரு ப்ளானும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க கிட்ட வெள்ளைத் தாளு இல்ல. வெட் ப்ளூவ கேமராவுக்குக் காட்டினது நான்தான். எங்க ஊர்ல அதான் வெள்ளை" என்று வாசித்தான். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. தேர்வாளரும் சிரித்தார். நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். கணியம்பாடிக்கு பஸ் ஏறினேன். நான்கு நாள் கல்லூரிப் பக்கம் வரவில்லை. யார் வந்தாலும் நான் இல்லை என்று சொல்லும்படி அம்மாவிடம் சொன்னேன். வந்து பார்த்தபோது இம்தியாஸ் அந்த ஒளிப்பதிவாளரிடம் உதவியாளனாகச் சேரச் சென்னைக்குப் போயிருந்தான்.

ஒரே வாக்கியத்தில் அவன் என் நிறத்தைத் தவறாக்கினான், என்னைப் பொய்யனாக்கினான், அந்தத் தவறையும் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு என் இடத்துக்குப் போனான். இதுதான் நான் உங்களிடம் சொல்லிவந்த கதை. ஒன்றரை வருடத்தில் அவன் அப்பா படுத்துவிட, சினிமாவை விட்டு டேனரிக்குத் திரும்பி வந்தான். எனக்குக் கிடைக்காததை அவன் வேண்டாம் என்று போட்டுவிட்டு வந்தது இன்னும் வலித்தது. நான் படித்தேன், முனைவர் பட்டம் வாங்கினேன், ஆசிரியனானேன். நான் வேலை பார்க்கும் கல்லூரியின் பாடத்திட்டத்திலும் அந்தப் பயிற்சி இருக்கிறது. மாணவர்கள் தொடக்கக் காட்சி எடுப்பார்கள். அந்த ஒரு பக்கத்தை மட்டும் நான் எழுதச் சொல்வதில்லை. கேட்டால் நேரமில்லை என்பேன்.

இடையில் ஒருமுறை ஆம்பூரில் ஒரு கல்யாணத்தில் அவனைப் பார்த்தேன். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து கட்டிப்பிடித்தான். நான் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றேன். "இன்னா ப்ரொபஸர், கட்டையக் கட்டிப் புடிச்ச மாரி கீது" என்றான். பக்கத்தில் நின்றவர்களிடம், "எங்க செட்ல இவன் ஒருத்தனுக்குத்தான் கண்ணு. நாங்கல்லாம் சும்மா பெட்டி தூக்கினவங்க" என்று அறிமுகப்படுத்தினான். குத்திக்காட்டுகிறான் என்று நினைத்தேன். பிரியாணி சாப்பிடாமல் கிளம்பினேன்.

இரண்டு மாதத்துக்கு முன் அழைத்தான். "அந்த டேப்ப கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன். எஸ்தரும் வர்றா. மூணு பேரும் ஒக்காந்து பாக்கலாம், வா."

"விடைத்தாள் திருத்தணும்" என்றேன்.

"இன்னும் கோவமா கீறியா?"

"கோவமெல்லாம் இல்ல."

"சரி, கோவப்பட்டாலும் கம்மியா படு. ப்ரஷர் வரும்."

அதன்பின் அவன் அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை.

எஸ்தர் செய்தி சொன்ன அன்று மாலை வாணியம்பாடிக்குப் போனேன். மற்றவர்கள் செய்வதைப் பார்த்து நானும் மூன்று பிடி மண் போட்டேன். எஸ்தர் இடுகாட்டுக்கு வெளியே சாலையில் நின்றிருந்தாள். பஸ் நிலையம் அருகே ஒரு கடையில் டீ வாங்கி நின்றோம். அவள் அழுது முடித்திருந்தாள். நான், "இனிமே ஏன் அந்தக் கலரத் திருடினன்னு அவனக் கேக்க முடியாது" என்றேன். வேடிக்கையாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "இன்னா திருடினான்?"

"அவன் வாசிச்சது மறந்துபோச்சா?"

"நீ பாதியிலயே எழுந்து போய்ட்ட. அவன் இன்னும் முடிக்கவே இல்ல. 'காட்டினது நான், ஆனா அந்தக் கலரு வந்தப்புறம் வெச்சிக்கலாம்னு சொன்னது சண்முகம், எங்க ரெண்டு பேருக்கும் அந்த தைரியம் இல்ல'ன்னு எழுதியிருந்தான். அப்புறம் நான் வாசிச்சேன். 'அந்த வெள்ளப் பேப்பர பஸ்லயே வுட்டுட்டு வந்தவ நான்தான்'னு எழுதியிருந்தேன். சென்னைக்காரரு உன்னத்தான் கேட்டாரு, சண்முகம். சாயங்காலம் வரைக்கும் இருந்தாரு. இம்தியாஸ் வண்டிய எடுத்துக்கினு உன் ஊருக்கே வந்தான். வீட்ல இல்லன்னு சொல்லிட்டாங்க. நீ வரலன்னதும் 'அப்ப நீயாவது வா'ன்னு அவன இட்டுனு போனாரு."

"இத ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?"

"நீ எங்க பேச வுட்ட? அவனும் எத்தனையோ தடவ வந்தான். அவரு கூப்ட்டது தெரிஞ்சேதான் நீ வர மாட்டேன்னுட்டன்னு நெனச்சிக்கினு இருந்தோம்."

எஸ்தர் பொய் சொல்கிறவள் அல்ல. ஆனால் இறந்தவனை அடக்கம் செய்துவிட்டு வந்த மாலையில் யாருக்கும் நினைவு கொஞ்சம் இளகித்தான் இருக்கும். ஊருக்குத் திரும்பி அம்மாவிடம் கேட்டேன். "ஆமா, ஒரு பாய் புள்ள வந்துச்சி. தண்ணி கூட குடிக்கல. ரெண்டு தடவ கேட்டுச்சி, நெஜமாவே இல்லியா ஆன்ட்டின்னு" என்றாள். அவன் வந்த அன்றும் அவள் என்னிடம் இதைச் சொன்னாள். கேலி செய்துவிட்டுச் சமாதானத்துக்கு வந்திருக்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவன் வந்தான் என்பது மட்டும் உறுதி. எதற்கு வந்தான் என்பதற்கு எஸ்தரைத் தவிரச் சாட்சியில்லை. அவன் எழுதிய அந்தப் பக்கத்தைத் துறையில் எப்போதோ பழைய தாளோடு எடைக்குப் போட்டிருப்பார்கள்.

அவள் சொன்னதை நம்பினால், என்னை ஏமாற்றியவன் யாரும் இல்லை. நான் பஸ் ஏறியதுதான் நடந்த ஒரே விஷயம். நம்பாவிட்டால், செத்துப்போனவன் மேல் பழைய கோபத்தோடு மிச்ச வருடங்களை ஓட்ட வேண்டும். ஒரு நாள் இப்படியும் ஒரு நாள் அப்படியும் இருக்கிறேன். சில காலைகளில், தெரிந்தும் இத்தனை வருடம் அவன் என்னைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்லாமல் விட்டதற்காகப் புதிதாக ஒரு கோபமும் வருகிறது. அதுவும் நியாயமில்லை என்று தெரிகிறது.

ஆனால் யாரையும் கேட்காமல் நானே கண்டுபிடித்த ஒன்று இருக்கிறது. இதை எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. அன்று டேனரியில் என் இரண்டு கைகளும் கேமராவில் இருந்தன. வலது கை பிடியில், இடது கை பொத்தான் பக்கம். எஸ்தர் கொட்டகையின் அந்தக் கோடியில் டிபன் கேரியரோடு நின்றிருந்தாள். அப்படியானால் அந்தத் தோல் எப்படி லென்ஸுக்கு முன்னால் வந்தது? இத்தனை வருடம் அதை நான்தான் காட்டினேன், காட்டினேன் என்று சொல்லி வந்திருக்கிறேன். காட்டியவன் அவன்தான். அவன் வாசித்த அந்த வரியில் பொய் இல்லை.

ஈரத் தோலின் கனம் இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். அதை விரித்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் தண்ணீர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கும். எனக்கு அப்போது பொத்தான் எங்கே இருக்கிறதென்று சரியாகத் தெரியாது. தேடிக்கொண்டிருந்தேன். தோலுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "சீக்கிரம் அமுக்குடா, கையி வலிக்குது. பரவால்ல, நீ பாத்து செய்யி" என்கிறது. இது நினைவா, இந்த வாரம் நானே உண்டாக்கிக்கொண்டதா என்று சொல்ல முடியவில்லை. முகம் தெரியவில்லை, தோலின் இரண்டு ஓரங்களில் எட்டு விரல்கள் மட்டும் தெரிகின்றன. இம்தியாஸிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த விரல்களை. தவறாக இருந்தாலும் வைத்துக்கொள்கிறேன்.