சேர்மன் வளவுத் தண்ணீர்

மரியநாயகி நாரந்தனையில் பிறந்தவள். சந்தியோகுவைக் கட்டிக்கொண்டு நெடுந்தீவில் வந்து இறங்கியபோது, அந்தத் தீவு அவளுக்குப் பாதி நித்திரையில் கண்ட இடம்போலப் பட்டது. கல்லின்மேல் கல் அடுக்கிய வேலிகள் கண்ணுக்கெட்டிய மட்டும் ஓடின. மரமில்லாத வெட்டையில் கட்டைக் குதிரைகள் கூட்டம் கூட்டமாக மேய்ந்தன. வெயில் ஏறிக் கானல் எழும்பினால் அவற்றின் கால்கள் கரைந்துபோகும். உடம்புகள் மட்டும் மெல்ல மிதந்து போகும். அடுப்பில் உலை இருப்பதையும் மறந்து அவள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"சந்தியோகின்ரை பெண்சாதி நிண்டபடியே நித்திரை கொள்ளுறா" என்று அடுத்த வீட்டுக் கிறேசம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். மரியநாயகி அதைப் பெரிதாக எடுக்கவில்லை. உள்ளதைத்தானே சொல்கிறாள் என்று விட்டுவிட்டாள்.

அவர்கள் குடியிருந்தது கீழ்க்கரையில். கடல் வாசலிலேயே கிடந்தது. மீனுக்குக் குறைவில்லை. நல்ல தண்ணீர்தான் இல்லை. எங்கே தோண்டினாலும் உப்புக் கரிக்கிற சவர்த் தண்ணீர். குளிக்கவும் ஆடு மாடு குடிக்கவும் அது போதும்; சோறு பொங்கவும் பிள்ளைக்குக் கொடுக்கவும் வெட்டையைக் கடந்து மேற்குப் பக்கம் போகவேண்டும். வெறுங்குடத்தோடு விடியப் போகிற பெண்கள் வெயில் முற்றிய பிறகுதான் திரும்புவார்கள். மற்றவர்களுக்கு அது பெரிய தொல்லை. மரியநாயகி மட்டும் அந்த நடையில் தன்பாட்டில் ஏதோ ஓர் உலகத்தில் இருப்பாள். நாரந்தனையில் அவளுடைய தாய் வீட்டு முற்றம், மழைக்கு முந்திய மேகம், மகள் எமிலி முதன்முதல் தவழ்ந்த நாள் என்று ஒவ்வொன்றாக வந்து போகும். தலையில் குடம் இருப்பது, கழுத்து நோகும்போதுதான் நினைவுக்கு வரும்.

ஜெர்மன்காரனோடு சண்டை தொடங்கிய காலத்தில் தம்பிஐயா என்பவர் கீழ்க்கரைக் கிராமச் சங்கத்துக்குச் சேர்மனாக வந்தார். தென்னிலங்கையில் கடை வைத்திருந்து திரும்பியவர். நெடிய ஆள், மடிப்புக் கலையாத சால்வை, ஆரைக் கண்டாலும் நின்று சுகம் விசாரிக்கிற குணம். பள்ளிக்கூடத்தில் வைத்த கூட்டத்தில் கதிரையை விட்டு எழுந்து அவர் சொன்னார்:

"வாற வருஷம் கீழ்க்கரைப் பெண்டுகள் தண்ணிக்கு நடக்கமாட்டினம். தண்ணி உங்களிட்டை நடந்து வரும்."

அந்தப் பேச்சு ஊரைப் பிடித்துக்கொண்டது. வலை பொத்துகிற இடத்திலும் கோயில் வாசலிலும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மரியநாயகி தண்ணீர் நடந்து வருவதைப் பலமுறை மனதில் பார்த்துவிட்டாள். பெண்பிள்ளையைப்போலப் பாவாடையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு வெட்டைக்கு மேலால் அது வரும்.

அரசாங்கம் காசு ஒதுக்கியது. மேற்கே நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றிலிருந்து நிலத்துக்குள் குழாய் போட்டு, கீழ்க்கரையில் சீமெந்துத் தொட்டி கட்டி, அதில் பைப்பு வைப்பதென்று ஏற்பாடு. அந்த வேலையைச் செய்து முடிக்கிற கொந்தராத்து சேர்மனுடைய மனைவி சிவக்கொழுந்துவின் தம்பி அருளம்பலத்துக்குக் கிடைத்தது. அப்போது ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. தண்ணீர் வந்தால் சரி என்றிருந்தார்கள்.

திறப்பு நாளில் குருத்தோலைத் தோரணம் கட்டி மேளமும் பிடித்திருந்தார்கள். லாஞ்சிப் படகில் வந்த வெள்ளைக்காரத் துரை வியர்வையைத் துடைத்துக்கொண்டே பைப்பைத் திருகினார். தண்ணீர் வந்தது. சனம் எட்டி எட்டிப் பார்த்தது. பிறகு கை தட்டியது. சேர்மன் சுற்றிப் பார்த்து, குடத்தோடு முன்னால் நின்ற மரியநாயகியைக் கூப்பிட்டார்.

"வா பிள்ளை, பிடி. முதற் குடம் உன்ரை."

அவள் குடத்தை வைத்தாள். தண்ணீர் விழுந்து ஏற ஏற, குடத்தின் சத்தம் மெலிந்து மெலிந்து பாட்டுப்போலக் கேட்டது. வீட்டுக்குக் கொண்டுபோய் அவளும் எமிலியும் குடித்தார்கள். இனிப்பான தண்ணீர்தான், ஆனால் அடியில் லேசாக மர வாசம் அடித்தது. புதுக் குழாய் அப்படித்தான் மணக்குமாக்கும் என்று நினைத்தாள்.

அடுத்த நாள் பைப்பு இருமியது. பத்துச் சொட்டுக்கூட விழவில்லை. மரியநாயகி காதை வைத்துக் கேட்டாள். உள்ளே, எங்கோ தூரத்தில், கடல் இரைந்தது. பிள்ளைகள் வரிசையில் வந்து காது வைத்துப் போனார்கள்.

குழாய்க்குள் காற்று அடைத்துவிட்டது என்றார்கள். தண்ணீர் இறைக்கிற மெசின் பழுது என்றார்கள். சண்டையால் கொழும்பிலிருந்து சாமான் வரவில்லை என்றார்கள். கேட்கிறபோதெல்லாம் தம்பிஐயா ஒரு புது நியாயம் சொன்னார். ஒவ்வொன்றையும் முதலில் அவரே நம்பியதுபோலத்தான் சொன்னார்.

பிறகு சோளகம் தொடங்கியது. அந்தத் தென்மேற்குக் காற்று வெட்டையின் மணலைப் பகலெல்லாம் வாரியடித்தது. ஒரு காலை குடத்தோடு போன மரியநாயகி, மணல் வழிந்த ஓரிடத்தில் இரும்பு ஒன்று தெரிவதைக் கண்டாள். கிட்டப் போனாள். அது குழாய். தொட்டியிலிருந்து கொஞ்சத் தூரம் வந்து அங்கேயே முடிந்திருந்தது. அதன் வாயில் சாக்குத் துணி அடைத்திருந்தது. அதற்கு அப்பால் மேற்கே பார்த்தாள். வெறும் வெட்டை. தோண்டிய அடையாளமே இல்லை. காலைக் கடைசிக் கனவு கலைந்தபின் பாயில் இருப்பவளைப்போல அவள் அந்த மணலில் இருந்துவிட்டாள். கோபம் பிறகுதான் வந்தது, அதுவும் மெதுவாக.

அவள் போய்க் கிறேசம்மாவிடம் சொன்னாள். கிறேசம்மா சொன்னால் போதாதா? வெயில் ஏறுமுன் கீழ்க்கரை முழுக்க அந்த இடத்தில் நின்றது. அதன்பிறகு வண்டிற்காரன் ஒருவனும் வாயைத் திறந்தான். திறப்பு நாள் விடியப்புற வெள்ளாப்பில் அருளம்பலத்தின் ஆட்கள் பீப்பா பீப்பாவாகத் தண்ணீர் ஏற்றிவந்து தொட்டியை நிரப்பினார்களாம்.

பள்ளிக்கூடத்தில் மறுபடி கூட்டம். இந்தமுறை கதிரையில் இருக்க ஒருவரும் மினக்கெடவில்லை.

"தண்ணி எங்கை, சேர்மன்?" என்று கிறேசம்மா கேட்டாள்.

"மேலிடத்துக்கு எழுதியிருக்கிறன். விசாரணை வருகுது. கொஞ்சம் பொறுங்கோ."

"நாங்கள் பொறுப்பம் ஐயா. தொண்டை பொறுக்காது."

"அருளம்பலத்தைக் கூட்டிக்கொண்டு வாரும்!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். அருளம்பலம் அப்போதே உடம்புக்கு வருத்தம் என்று சொல்லிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டார். விசாரணைக்கு ஓர் உத்தியோகத்தரும் வந்தார். குழாயைப் பார்த்தார், குடையின் கீழ் நின்று எழுதினார், சேர்மன் வீட்டில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டார், லாஞ்சியேறிப் போனார். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

சனத்துக்கு ஆத்திரத்தைக் கொண்டுபோய்க் கொட்ட ஓர் இடம் வேண்டியிருந்தது. சேர்மனுடைய வண்டில் கீழ்க்கரை வழியே போனால், பெண்கள் வெறுங்குடங்களைக் கவிழ்த்து மடக்கிய விரல் மொழியால் தட்டுவார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். ஒழுங்கை நெடுக அந்த டொங்கு டொங்குச் சத்தம் வண்டிலோடு கூடவே போகும். மரியநாயகியும் தட்டினாள். சால்வைக்குள் அவருடைய கழுத்து குனிவதைக் கண்டும் தட்டினாள். அவர் வளவில் வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். தம்பியின் பெயரைக் கேட்கப் பொறுக்காமல் சிவக்கொழுந்து அறையை விட்டு வெளியே வருவதையே நிறுத்தினாள்.

அந்த வருஷம் ஐப்பசி பிறந்தும் மழை இல்லை. மேற்குக் கிணறுகளும் வற்றத் தொடங்கின. அங்குள்ளவர்கள் தங்களுக்கே காணாதென்று பாதையில் முள் வெட்டிப் போட்டார்கள். சந்தியோகு மன்னார்க் கரையில் மீன்வாடி போட்டுத் தொழிலுக்குப் போயிருந்தான். எமிலிக்குக் காய்ச்சல். வீட்டில் குடம் காய்ந்து கிடந்தது.

மேற்கே போகிற பாதிவழியில், தம்பிஐயாவின் வளவுக் கிணறு மட்டும் வற்றவில்லை. அவருடைய தகப்பன் காலத்தில் கல்லால் கட்டிய கிணறு அது. ஆனால் சாதி குறைவென்று கீழ்க்கரைப் பெண்களை அந்தக் கிணற்றுக் கட்டில் கால் வைக்க விடமாட்டார்கள். வளவு ஆள் ஒருவர் அள்ளி ஊற்ற, எட்ட நின்று குடத்தை நீட்டி வாங்குவதுதான் வழக்கம்.

மரியநாயகி குடத்தை எடுத்தாள்.

"அந்தாளின்ரை படலையிலை போய் நிக்கப்போறியோ? ரோசம் இல்லையோ?" என்றாள் கிறேசம்மா.

"அவர் தாறன் எண்டு சொன்ன தண்ணிதானே அக்கா."

படலைக்குள் போய், கிணற்றடிக்கு எட்டவாக, பூவரசு நிழலில் குடத்தை வைத்துவிட்டு இருந்தாள். தம்பிஐயா விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அள்ளித்தர ஆக்கள் ஒருத்தரும் இல்லை" என்றார் அவர்.

"வரும்வரை இருக்கிறன் ஐயா."

வெயில் சரிந்தது. புறாக்கள் குமுறின. நிழல் நகர, அவளும் குடத்தை நகர்த்தி நகர்த்தி இருந்தாள். கண் செருகியது. நாரந்தனை முற்றத்தில் மழை பெய்கிறது, தாய் பாத்திரங்களைக் கொண்டுவந்து கூரையோரம் வைக்கிறாள், ஒவ்வொரு பாத்திரமும் ஒவ்வொரு குரலில் பேசுகிறது. திடுக்கிட்டு விழித்தபோது கிணற்றுத் துலா கிரீச்சிட்டது. தம்பிஐயா சால்வையை அரையில் வரிந்து கட்டிக்கொண்டு கிணற்றுக் கட்டில் நின்றார். அவருக்கு அது பழக்கமில்லாத வேலை. பாதித் தண்ணீர் அவருடைய வேட்டியிலேயே போயிற்று. மீதியை அவள் குடத்தில் ஊற்றினார்.

அடுத்த நாளும் அவள் போனாள். அதற்கடுத்த நாள் குடத்தோடு கிறேசம்மாவும் வந்து, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு வரிசை படலைக்கு வெளியேயும் நீண்டது. காலையும் மாலையும் தம்பிஐயா அள்ளினார். உள்ளங்கை பொக்களித்து உடைந்தது. துணி சுற்றிக்கொண்டு அள்ளினார். சிந்திய தண்ணீர் வாய்க்காலில் ஓட, வேலிக்கு அப்பால் குதிரைகள் வந்து நின்று நக்கின. அந்த நாட்களில் கீழ்க்கரை முழுவதும் ஒரு மயக்கத்தில் இருந்ததுபோல மரியநாயகிக்குப் பிறகு நினைவுக்கு வரும். ஒருவருக்கும் சண்டை பிடிக்கக்கூடத் தெம்பில்லை. துலா ஏறியது, இறங்கியது, ஊர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது.

ஒருநாள் மாலை அவள் கடைசி ஆளாக நின்றாள். வாளியை வைத்துவிட்டு அவர் கேட்டார்:

"நீயும் நான் களவெடுத்தனான் எண்டுதான் நினைக்கிறியோ?"

"எனக்குத் தெரியாது ஐயா. தண்ணி வரேல்லை. அதுதான் எனக்குத் தெரியும்."

அவர் கிணற்றுக்குள் பார்த்தார்.

"நான் ஒரு சதம் தொடேல்லை. ஆனா திறப்பு நாளண்டைக்கு விடியப் பீப்பா வண்டில் போனதைக் கண்டனான். என்ன ஏது எண்டு கேக்கேல்லை. கேட்டால் அருளம்பலம் என்ன சொல்லுவானோ எண்டு பயந்து, திரும்பிப் படுத்திட்டன்."

ஆறுதல் சொல்லலாம், ஆனால் எமிலியின் வெடித்த உதடு கண்முன் வந்தது. ஏசலாம், ஆனால் அவருடைய கையில் சுற்றியிருந்த துணியில் இரத்தம் ஊறியிருந்தது. "குடம் நிரம்பினது காணும் ஐயா" என்று மட்டும் சொல்லி, தூக்கிக்கொண்டு நடந்தாள். மறுநாள் கொஞ்சம் தேங்காயெண்ணெய் கொண்டுபோய்ப் படலைக் கல்லில் வைத்தாள். காயத்துக்கு என்றோ எதற்கு என்றோ சொல்லவில்லை.

மார்கழி பிறந்த பிறகு, வராது என்று எல்லோரும் விட்டுவிட்ட மழை வந்தது. தை கழிந்து, சேர்மனைத் தெரியும் சங்கத் தெரிவு. அந்த நாளில் கூட்டத்தில் கை தூக்கித்தான் தெரிவு செய்வார்கள். தம்பிஐயா மறுபடியும் கேட்டு நின்றார். ஏன் நின்றார் என்று ஊருக்கு வியப்பு. மரியநாயகிக்கு விளங்கியது: சனத்தின் வாயாலே ஒரு முடிவைக் கேட்கவேண்டும் அவருக்கு. அவருடைய பெயரைச் சொன்னபோது சில கைகள் எழுந்தன. அவற்றில் கிறேசம்மாவின் கையும் இருந்தது! மரியநாயகி தன் கைகள் இரண்டையும் மடியில் வைத்திருந்தாள். அவர் அவள் இருந்த பக்கம் பார்த்தார். அவளும் பார்வையை விலக்கவில்லை. கை எழும்பவில்லை.

அவர் தோற்றார்.

அடுத்த காலை அவள் போகாமல் விட்டிருக்கலாம். மேற்குக் கிணறுகளில் அப்போது தண்ணீர் இருந்தது. இருந்தும் கால் அந்தப் படலைக்குத்தான் போனது. அவர் துலாவடியில் நின்றார்.

"நீர் கை தூக்கேல்லை" என்றார்.

அதுவரை நீ என்றவர் நீர் என்று மரியாதையாகச் சொன்னதைக் கேட்டு அவள் ஒருகணம் தடுமாறினாள்.

"ஓம் ஐயா. தூக்கேல்லை."

"கிறேசம்மா தூக்கினவ."

"அவவுக்கு இளகின மனசு ஐயா."

தம்பிஐயா சிரித்தார். சேர்மனாக இருந்த காலத்தில் அவர் அப்படிச் சிரித்து அவள் கண்டதில்லை. துலாவை இறக்கினார்.

"குடத்தை இஞ்சாலை கிட்டக் கொண்டு வாரும். எட்ட நிண்டா சிந்தும்."

அவள் கிணற்றுக் கட்டுவரை போனாள்.

பிறகு வந்த சேர்மனும் தண்ணீர் கொண்டுவருவதாகச் சொன்னார். சண்டை முடிந்தது, குழாய் அப்படியே கிடந்தது. எமிலியை மன்னாரில் கட்டுக்கரைக் குளத்துக்குக் கிட்ட ஒரு வயற்காரனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பேரப்பிள்ளை பிறந்ததென்று மரியநாயகி அங்கே போனபோது, மகள் அவளைக் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கரை தெரியாத தண்ணீர். நாரைகள் முழங்கால் அளவில் நின்றன. வேலி இல்லை, படலை இல்லை.

"இதிலை அள்ள ஆரைக் கேக்கவேணும்?" என்றாள் மரியநாயகி.

"ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை அம்மா."

அவள் நம்பாமல் மகளைப் பார்த்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மெல்ல இறங்கினாள். தண்ணீர் கணுக்காலுக்கு ஏறியது, முழங்காலுக்கு ஏறியது. எமிலி கரையிலிருந்து கூப்பிடக் கூப்பிட, அவள் காதில் ஒன்றும் விழாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.