சொல்லிக்கொள்ளாமல் போகும் வீடு

அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலருடைய தோளிலோ முதுகிலோ அம்மாவின் கை பட்டிருக்கும். அதனால் உங்களுக்குத் தெரியாததாகச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.

நாவலப்பிட்டிக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர் அம்மா. அப்பா காலமான பின் என்னோடு கட்டுகஸ்தோட்டைக்கு வந்து, கடைகளுக்கு இடியப்பம் அவித்துப் போட்டே என்னைத் தாதியாக்கினார். அக்கி எழுதுவது அவர் தகப்பனாரிடமிருந்து வந்தது. எரிகிற கொப்புளங்களோடு வருகிறவர்களை உட்காரவைத்து, சிரட்டையில் காவியைக் குழைத்து, கொப்புளத்தைச் சுற்றி இறகால் எழுதுவார். காசு வாங்கமாட்டார். ஒரே கட்டுப்பாடு, முடிந்ததும் "போயிட்டு வர்றேன்" என்று சொல்லாமல் எழுந்து போய்விட வேண்டும். சொன்னால் நோயும் திரும்பி வருமாம். அதுவரை பேசிக்கொண்டிருந்த ஆள் வாயை மூடிக்கொண்டு படியிறங்கிப் போவார். அம்மாவும் தலை நிமிரமாட்டார். சின்ன வயதில் அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மாவிடம் சண்டைக்கே போனேன். "அது கிருமிம்மா. கண்ணுகிட்ட வந்தா பார்வையே போயிரும்!"

"அப்ப கண்ணுகிட்ட வந்தா நான் தொடல. நீயே கூட்டிட்டுப் போ" என்றார்.

சொன்னபடியே செய்தார். மடவளையிலிருந்து நெற்றியில் கொப்புளத்தோடு வந்த ஒரு சகோதரி, "நீங்க எழுதினாத்தான் எனக்குச் சொகம் வரும்" என்று அழுதும் காவியைத் தொடவில்லை. அவரோடு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்து, டாக்டர் பார்க்கும்வரை வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தார். மருந்து ஆரம்பித்த பிறகு, அவர் மனம் ஆறட்டும் என்று கையில் மட்டும் ஒரு கோடு இழுத்துவிட்டார். அம்மாவிடமிருந்து எனக்கும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. வார்டில் யாரிடமும் நான் சொல்லிக்கொண்டு போவதில்லை.

போன வருடம் இருதயம் பலவீனமாகிவிட, அம்மாவை எங்கள் வார்டிலேயே சேர்த்தோம். தேறி வருகிறார் என்றார்கள். அன்று மாலை வேலை முடிந்து, போர்வையைச் சரிசெய்துவிட்டு, வழக்கம்போல் பேசாமல் திரும்பினேன்.

"போயிட்டு வாம்மா" என்றார்.

நோயாளி பக்கத்தில் அந்தச் சொல் அம்மா வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. அசதியில் சொல்கிறார் என்று நினைத்து பஸ் ஏறினேன். வீடு போய்ச் சேருமுன் ஃபோன் வந்துவிட்டது.

தனக்குச் சுகமாகும் என்று நினைத்திருந்தால் அம்மா அதைச் சொல்லியிருக்க மாட்டார். அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. இதைத்தான் நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போதும் சில நேரம் வாசலில் யாரோ செருப்பை மாட்டிக்கொண்டு பேசாமல் படியிறங்குவது கேட்கிறது. எட்டிப் பார்த்தால் யாரும் இல்லை. சிரட்டையில் காவி காய்ந்து கிடக்கிறது. கழுவ மனம் வரவில்லை.

அம்மாவைப் பார்த்துக்கொண்ட வார்டுத் தோழிகளுக்கும், சவப்பெட்டியைத் தூக்கிய தோட்டத்து உறவுகளுக்கும், எனக்குக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த மடவளைச் சகோதரிக்கும் நன்றி. துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்று அன்று நீங்கள் எல்லோரும் பேசாமலே போனீர்கள். அம்மாவிடம் அக்கி எழுதிக்கொண்டு போகிறவர்களைப் போலவே இருந்தது.

திவசத்துக்கு வருகிறவர்கள் சாப்பிட்டுக் கிளம்பும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். திரும்பி வருவதாக யாராவது சொல்லி இந்த வீட்டில் நான் கேட்க வேண்டும்.