மார்ச் மாதத்துப் புள்ளிச் சட்டை

அந்தச் சட்டையை நான் கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

தொண்ணூறுகளின் கடைசி. கோயம்புத்தூரில் கல்யாணம் முடித்து, மராத்தி பேசும் சிஞ்ச்வட்டில் குடியேறி இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது. கணவருக்கு, ஜெர்மனிக்காரர்களோடு கூட்டுச் சேர்ந்திருந்த ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. பயிற்சிக்கென்று ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். திரும்பி வரும்போது எல்லோருக்கும் சாக்லேட், அவருடைய மேலதிகாரிக்கு ஒரு பேனா, எனக்கு அந்தச் சட்டை. பழுப்பும் மஞ்சளும் கலந்த வழுவழுப்பான துணி, மேலெல்லாம் உடைந்த வளையங்களாகக் கறுப்புப் புள்ளிகள். முழுக்கை, அகலமான காலர். சிறுத்தைப்புலியின் தோலை உரித்து பட்டன் வைத்ததுபோல் இருந்தது. மடிப்பைப் பிரித்தபோது காரின் சீட்டுக்குப் போடும் உறை என்றுதான் நினைத்தேன். அவர் கம்பெனி அப்படி.

வாங்கி வந்ததற்குக் காரணம் இருந்தது. கம்பெனி விருந்துகளுக்கு மனைவியரையும் அழைப்பார்கள். ஒருமுறை நான் பட்டுப்புடவை கட்டி, இருந்த மல்லிகைப் பூவையெல்லாம் தலையில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். மற்ற அதிகாரிகளின் மனைவிமார் பேன்ட்டிலும் பாவாடை மாதிரியான ஸ்கர்ட்டிலும் நின்றார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னார், வேலையில் மேலே போக வேண்டுமென்றால் வீட்டில் இருப்பவர்களும் பார்ப்பதற்கு அப்படி இருக்க வேண்டுமாம். என் பூவினால்தான் அவருக்கு அந்த வருஷம் பதவி உயர்வு தட்டிப்போனது என்பதுபோல் இருந்தது பேச்சு.

சட்டை எனக்குத் தோளில் தொங்கியது. அங்கே அவர் ஆபீஸிலிருந்த ஒரு பெண்மணியின் உடம்பை வைத்து அளவு சொன்னாராம். எனக்குத் தையல் தெரியும். தோளைப் பிரித்துச் சுருக்கி, இடுப்பில் இரண்டு பக்கமும் பிடித்தேன். பேன்ட்டுக்கு எங்கே போவது? எங்கள் ரிசப்ஷனுக்கு அவர் போட்ட கோட் சூட்டின் கறுப்பு பேன்ட் அவருக்கு அதற்குள் இறுக்கமாகிவிட்டிருந்தது. அதைப் பிரித்து எனக்குத் தைத்துக்கொண்டேன். தாலிக்கொடியை உள்ளே தள்ளி, கழுத்துவரை பட்டன் போட்டேன். மெட்டி தெரியாமல் மூடின செருப்பு. பொட்டை இன்னும் சின்னதாக, இன்னும் சின்னதாக என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் அது இருப்பது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

அன்றைக்கு ஹோட்டலில் சுவரோரமாக ஜூஸ் கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உடம்பெல்லாம் கூசியது. மானத்தைக் கழற்றி வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு வந்ததுபோல் இருந்தது. ஆனால் அவருடைய மேலதிகாரி என்னைப் பார்த்து ஏதோ நல்ல வார்த்தை சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தபிறகும் கணவருக்கு வாயெல்லாம் பல்.

சிக்கல் அடுத்த விருந்தில் வந்தது. திரும்பவும் அதே சட்டையா என்று முகம் சுளித்தார். புதிது வாங்கலாமே என்றேன். கேம்ப் கடைத்தெருவில் விற்பதெல்லாம் உள்ளூர்ச் சரக்கு, வெள்ளைக்காரர்கள் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றார். ஆக, ஒரே சட்டைதான் இருக்க வேண்டும், அது ஒரே சட்டையாகத் தெரியவும் கூடாது. இந்த விசித்திரமான கட்டளையை என் தலையில் போட்டுவிட்டு அவர் நிம்மதியாக ஆபீஸ் போனார்.

வீம்புக்குத்தான் ஆரம்பித்தேன். ஸ்டேஷன் பக்கம் ஒரு பழைய பேப்பர் கடையில் வெளிநாட்டுப் பத்திரிகைகள் எடைக்குக் கிடைக்கும். இங்கிலீஷ் பாதி புரியாது, படங்கள் முழுக்கப் புரிந்தன. கறுப்புத் துணி எடுத்துக் கணுக்கால் வரை ஒரு ஸ்கர்ட் தைத்தேன். கறுப்பில் கையில்லாத ஒரு உள்சட்டை. அதற்குமேல் புள்ளிச் சட்டையைப் பட்டன் போடாமல் கோட் மாதிரி விட்டுக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே பிடித்திருந்தது, அது ஆச்சரியமாக இருந்தது.

பிறகு குளிர்காலம் வந்தது. கறுப்பு ஸ்வெட்டருக்கு உள்ளே போட்டு, காலரையும் கை நுனியையும் மட்டும் வெளியே மடித்துவிட்டேன். அவ்வளவு பெரிய சிறுத்தை கழுத்திலும் மணிக்கட்டிலும் மட்டும் எட்டிப் பார்த்தது. இதற்குள் எனக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. இந்தப் புள்ளிகள் சத்தமாகப் பேசுகிறவை. அவை பேசும்போது கூட இருப்பதெல்லாம் ஒரே நிறத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். கம்மல் சின்னதாக, வளையல் கிடையாது. யாரும் சொல்லித்தரவில்லை. பகலில் அவர் போனபின் கதவைத் தாழிட்டுக்கொண்டு, அலமாரிக் கண்ணாடி முன்னால் நானாகப் போட்டும் கழற்றியும் பார்த்துக் கற்றுக்கொண்டது. அந்த ஊரில் பேச எனக்கு மொழியில்லை. மராத்தி தெரியாது, இந்தி காய்கறிக்கடை வரைக்கும்தான். அந்தக் கண்ணாடி முன்னால் மட்டும் எனக்கு வேலை இருந்தது. எதற்காகவும் நான் அவ்வளவு ஆசையாக விடியலுக்குக் காத்திருந்ததில்லை.

நான்காவது முறை லோணாவளா மலைவாசஸ்தலத்தில். கம்பெனிக் குடும்பங்களுக்கெல்லாம் ஒரு நாள் உல்லாசப் பயணம். சிஞ்ச்வட்டிலிருந்து நிக்டி வரை எல்லோரையும் ஏற்றிக்கொண்டு பஸ் போனது. நான் ஜீன்ஸ் போட்டு, புள்ளிச் சட்டையின் கையை முழங்கைவரை மடித்து, முன்பக்க நுனிகள் இரண்டையும் இடுப்பில் முடிந்துகொண்டேன். அந்த முடிச்சு என்னுடைய யோசனை. கணவர் பார்த்து, பிரமாதம் என்றார். அப்படியே இருக்கச் சொல்லி, ஜெர்மன் டைரக்டரின் பக்கத்தில் என்னை நிறுத்தி, தானும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

அங்கேதான் டைரக்டரின் மனைவி என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். அறுபதை நெருங்கிய, நரைத்த கூந்தலைக் குட்டையாக வெட்டியிருந்த அம்மாள். அந்தச் சட்டையின் காலரைத் தொட்டு, நாலு தடவையும் இதே சட்டைதானே என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம் என்று தலையாட்டினேன். ஒவ்வொரு தடவையும் இந்தப் பெண் இதை என்ன செய்துகொண்டு வரப்போகிறாள் என்று பார்க்கத்தான் நான் இந்த விருந்துகளுக்கே வருகிறேன் என்று இங்கிலீஷில் நிறுத்தி நிறுத்தி, எனக்குப் புரியும்படி சொன்னார். பஸ்ஸில் கணவரிடம் சொன்னேன். ஒரே சட்டை என்று தெரிந்துபோயிற்றா என்று தலையில் கைவைத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அன்றைக்குச் சந்தோஷத்தைப் பகிர்ந்துகொள்ள ஆள் இல்லை.

வருஷப் பிறப்புக்குக் கம்பெனி காலண்டர் வந்தது. கட்டாக வாங்கி வந்து கோயம்புத்தூரில் தன் அப்பா அம்மாவுக்கு, மாமாக்களுக்கு, படித்த பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு என்று அனுப்புவது அவர் வழக்கம். மகன் பெரிய கம்பெனியில் இருக்கிறான் என்பதற்கு அந்த ஊர்ச் சுவர்களில் அதுதான் சாட்சி. அந்த வருஷமும் ஜனவரிப் பக்கத்து இயந்திரப் படத்தைப் பார்த்துவிட்டு, சுருட்டி, முகவரி எழுதி, அனுப்பியும் விட்டார். மறுநாள்தான் எங்கள் வீட்டுக்கென்று வைத்திருந்ததைப் புரட்டினோம். மார்ச் மாதத்தில் லோணாவளா படம். டைரக்டர், கணவர், நடுவில் இடுப்பில் முடிச்சோடு நான்.

கொஞ்ச நேரம் அவர் முகம் மலர்ந்துதான் இருந்தது. டைரக்டரின் கை என் பின்னால் நீண்டு அவர் தோள்மேல் இருந்ததே. அப்புறம் ஊருக்கு எத்தனை அனுப்பினோம் என்பது நினைவுக்கு வந்து, முகத்தில் ஈயாடவில்லை. அம்மா அதையெல்லாம் எங்கே பார்க்கப்போகிறாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மார்ச் வந்தது, போனது. ஊரிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. மே மாதம் மாமியார் எங்களோடு இருந்துவிட்டுப் போக வந்தார். ராத்திரிச் சாப்பாடு முடிந்து தட்டு எடுக்கும்போதுதான் பேச்சை எடுத்தார். சண்டைக்கு வந்தவர் குரல் இல்லை அது.

"மார்ச் மாசத்த நாங்க திருப்பவே இல்ல கண்ணு. பிப்ரவரியிலயே நின்னுட்டோம். ரெண்டு மாசத்துக்கும் கெழம ஒண்ணாத்தான் வருது, ஒண்ணும் கஷ்டமில்ல. கடைசி மூணு நாளுக்குத்தான் பக்கத்து ஊட்டுல போய்ப் பாத்துக்கிட்டேன்."

சிரிக்க வேண்டிய பேச்சு. யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சட்டை யார் எடுத்துக் கொடுத்தது என்று அடுத்ததாகக் கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, மகனைப் பார்த்துத்தான் கேட்டார்.

எனக்கு அவர் வாயிலிருந்து ஒரே ஒரு வாக்கியம்தான் வேண்டியிருந்தது. நான்தான் வாங்கிவந்தேன், நான்தான் போடச் சொன்னேன். அவ்வளவுதான். அதைச் சொல்லியிருந்தால் மாமியார் என்ன செய்திருப்பார்? முணுமுணுத்துவிட்டு மகனுக்கு மோர் ஊற்றியிருப்பார். என் கணவர் சாப்பிட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வேண்டாம்னுதானுங்கம்மா சொன்னேன். இவளுக்குத்தான் அந்த ஆச."

தட்டோடு நின்றேன். மாமியார் என்னைப் பார்த்தார். இல்லை என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் என்னவென்று சொல்வது? வாங்கியது அவர், போடச் சொன்னது அவர். ஆனால் ஆசை? அந்த முடிச்சைப் போட்டது யார்? தாழிட்ட கதவுக்குப் பின்னால் மாலைவரை கண்ணாடி முன்னால் நின்றது யார்? அவர் பொய் சொல்வதற்கு என்னிடமிருந்த ஒரே உண்மையை எடுத்து உபயோகித்துக்கொண்டார். அதனால்தான் என்னால் பதில் பேச முடியவில்லை. அந்த ஆளை நான் அதற்குப் பிறகு முழுசாக மன்னிக்கவே இல்லை.

மறுநாள் சமையலறையில் மாமியார் என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். குரலில் அத்தனை கரிசனம்.

"பொம்பளைக்கு ஆச இருக்கறதுதான் அம்மிணி. எனக்குந்தான் இருந்துச்சு. ஊட்டுக்காரன் வேண்டாம்னு சொன்னா உட்டுப்போடோணும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த அன்புதான் முள்ளாகக் குத்தியது. சரிங்க அத்தை என்றேன்.

பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் பெண் வாரம் ஒருநாள் எங்கள் குடியிருப்புச் சொசைட்டிக்குக் கூடையோடு வருவாள். அவருடைய பழைய பேன்ட்டுகளோடு புள்ளிச் சட்டையையும் கொண்டுபோய்ப் போட்டேன். நான் தைத்த தோள் தையலை அவள் இழுத்துப் பார்த்தாள். பிரியவில்லை. மூடிபோட்ட ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா கொடுத்தாள். மாமியார் அதைக் கழுவித் துடைத்து, அதில் கடுகு கொட்டி வைத்தார். மாமியார் ஊருக்குப் போகும்வரை கணவர் அந்தச் சட்டையைப் பற்றிக் கேட்கவே இல்லை.

கேட்டது அடுத்த விருந்தன்றைக்கு. அலமாரியைக் குடைந்துகொண்டே, அந்தச் சட்டை எங்கே, இந்தத் தடவை எதோடு போடப்போகிறாய் என்றார். நான் பட்டுப்புடவையில் நின்றேன். தலையில் பூவும் இருந்தது. கல்யாண வீட்டுக்கா போகிறோம் என்று கத்தினார்.

"அந்த ஆச எனக்குத்தானுங்களே இருந்துச்சு," என்றேன். "இப்ப இல்லீங்க."

இதைச் சொல்வதற்கு எத்தனையோ நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். சொன்னதும் ஜெயித்துவிட்டதுபோல் இருந்தது. ஹோட்டல் வாசல்வரைதான் அது நிலைத்தது. உள்ளே யாரோ என் புடவையைப் புகழ, என் கணவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இங்கிலீஷில் சொன்னார், நாங்கள் அடிப்படையில் பழைய வழக்கங்களை விடாத குடும்பம், இன்றைக்கு இதைக் கட்டச் சொன்னது நான்தான் என்று. மாமியார் கேட்ட அந்த ராத்திரி சொல்ல வராத 'நான்தான்' இங்கே எவ்வளவு சுலபமாக வந்தது.

டைரக்டரின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். புடவையைத் தொட்டு, அழகு என்றார். ஆனால் அவர் கண் என் காலரில்லாத கழுத்தையும் மணிக்கட்டையும் தேடியது. நம்முடைய சட்டை எங்கே என்று கேட்டார்.

துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன் என்றேன். சரி, அடுத்த முறை பார்க்கலாம் என்றார்.

பார்க்கலாம் என்றேன் நானும்.