புரட்டாசிச் சனியும் பாட்டில் கிருமியும்

கோப்பெங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய ரப்பர் தோட்டத்தில் வீடு கட்டப் போகிறோம் என்று வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். அதுவரை அங்கே மேய்ந்துகொண்டிருந்த என் நான்கு ஆடுகளும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று என்னையே முறைத்தன. என்னவோ நான்தான் வேலி போட்டவன் போல.

வேறு வழியில்லாமல் போனில் பார்த்து, மண்ணில்லாமல் தீவனம் வளர்க்க ஆரம்பித்தேன். தினம் ஒரு தட்டு. சோளத்தை ஊறவைத்துத் தட்டில் பரப்பித் தண்ணீர் தெளித்துவந்தால் ஏழாம் நாள் பச்சைப் பாயாக நிற்கும். நின்றது. கூடவே பூஞ்சையும் பூத்து நின்றது. நண்பரின் மகள் காம்பார் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி படிக்கிறாள். அவள்தான் ஒரு பாட்டில் கொடுத்தாள்.

"இதுல நல்ல கிருமி இருக்கு அங்கிள். சோளம் ஊறப்போடுற தண்ணியில ஒரு மூடி ஊத்துங்க. பூஞ்சைய அண்ட விடாது, வேரும் நல்லா ஓடும்லா."

ஊற்றினேன். பயிர் ஒரு சாண் கூடவே வளர்ந்தது. தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். மனைவி பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு உயிர் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருந்தாத்தானே வேலை செய்யும்?" என்றேன். அங்கேதான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

புரட்டாசி பிறந்தது. சனிக்கிழமை அறுக்கும் தட்டில் மட்டும் பூஞ்சை. மற்ற ஆறு நாளும் பச்சைப் பசேல். இரண்டாவது சனிக்கிழமை நான் பார்ப்பதற்குள் சின்னக் கிடா அதைத் தின்றுவிட்டு, வயிறு உப்பி, படுத்த படுக்கையாகிவிட்டது. தாய் பால் கொடுக்காமல் உதைத்து விரட்டியதால் நான் புட்டியில் பால் கொடுத்து வளர்த்த கிடா அது. செத்துவிடுமோ என்று அழுகையே வந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு போன் போட்டு வாய்க்கு வந்தபடி கத்தினேன்.

பாவம், உடனே மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டாள். மனைவி அவளுக்குத் தோசை வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே, "சனிக்கிழமை தட்டு மட்டும் ஏன் அங்கிள்? போன சனிக்கிழமை ஊறப்போட்டதுதானே அது? மூடி ஊத்துனீங்களா?" என்று கேட்டாள்.

ஊற்றிவிட்டுத்தான் சந்தைக்குப் போனேன் என்று சத்தியம் செய்தேன்.

"நான்தான் கொட்டிட்டேன்" என்றாள் மனைவி, தோசையைத் திருப்பிப் போட்டபடி. "சனிக்கிழமை ஊறப்போட்டா அடுத்த சனிதானே ஆடு திங்கும்? புரட்டாசிச் சனியில நம்ம வீட்டு ஆடு உயிரத் திங்கலாமா? வாசல் சாக்கடை லொங்கான்ல விட்டேன், பொழச்சிப் போகட்டும். பதிலுக்கு பைப்புத் தண்ணி ஊத்தி வச்சேன்."

பெருமாளுக்காக என் ஆடுகளையும் விரதம் இருக்க வைத்திருக்கிறாள்! எனக்குக் கோபமான கோபம்.

அந்தப் பெண் நிதானமாகக் கேட்டாள். "ஆண்ட்டி, இந்த மாவ புளிக்க வச்சது யாரு? அதுவும் கிருமிதான். மோருல உயிரோடவே இருக்கு."

மனைவி கல்லில் இருந்த தோசையை வெகு நேரம் பார்த்தாள். தோசை கருகியது. "நமக்கு ஆகும்னா ஆட்டுக்கும் ஆகும்" என்றாள் கடைசியில். அன்று முதல் மூடி ஊற்றும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். ஏழு நாளும் பச்சை. கிடா எழுந்து, மூன்றே வாரத்தில் கொழுகொழுவென்று ஆனது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பூரிப்பு.

மனைவியும் பார்த்திருக்கிறாள். "புரட்டாசி முடிஞ்சிருச்சி. தீபாவளிக்கு இந்தக் கிடாவே போதும்லா. நல்லா தேறியிருக்கு."

கறிக்குத்தான் வளர்க்கிறேன் என்று ஊரெல்லாம் சொன்னவன் நான். அதனால் வேறு சாக்கு தேடினேன். "அது தினமும் கிருமி திங்குது. அதப் போயி நாம சாப்பிடலாமா?"

"தோசையில இல்லாத கிருமியா?" என்றாள்.

தீபாவளிக் காலையில் வந்தவர்கள் எல்லாரும் கறி மெத்தென்று இருக்கிறதே, என்ன தீவனம் என்று கேட்டார்கள். மனைவி பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினாள். நான் தோசையைச் சர்க்கரை தொட்டுச் சாப்பிட்டேன்.