கூட யாரு வந்திருக்கீங்க?

பேச்சுப் பரீட்சையில் நான் இரண்டு முறை தோற்றேன். வாசிப்பது, எழுதுவது, கேட்பது எல்லாம் தேறியாகிவிட்டது. பேசுவதில் மட்டும் மண்ணைக் கவ்வினேன். வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான அந்த ஆங்கிலப் பரீட்சையில் கையில் ஒரு அட்டையைக் கொடுப்பார்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவர் நோயாளியாக நடிப்பார், நாம் நர்ஸாகவே பேச வேண்டும். நடிப்பதற்கு என்ன இருக்கிறது, எட்டு வருஷமாக நான் பார்க்கிற வேலைதானே என்று தெனாவெட்டாகத்தான் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, உங்கள் கூட யார் வந்திருக்கிறார்கள் என்பது. யாரும் வரவில்லை, தனியாகத்தான் வந்தேன் என்றார் அந்த அம்மா. எனக்கு அதற்கு மேல் ஓடவில்லை.

பாலக்கோட்டில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் அதுதான் முதல் கேள்வி. நோயாளி பாட்டுக்குக் கட்டிலில் கிடப்பார், நாங்கள் பேசுவதெல்லாம் பக்கத்தில் நிற்கிற மகனிடமோ மருமகளிடமோதான். பெரிய வியாதி என்றால் மகனை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொல்வோம். திரும்பி வந்து நோயாளியிடம், "ஒண்ணுமில்லீங்க, வாயுதான், சரியாப் போயிடும்" என்போம். யாரும் எனக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லாரும் செய்தார்கள், நானும் செய்தேன். பரீட்சையில் அந்த அம்மா, எனக்குப் புற்றுநோயா என்று மூன்று தடவை கேட்டார். கவலைப்படாதீர்கள், டாக்டர் சொல்வார் என்று மூன்று தடவையும் சொன்னேன். இரண்டாவது முறை எழுதியபோது வேறு அட்டை, வேறு ஆள், நான் மட்டும் அதே ஆள்.

மூன்றாவது முறையும் தோற்றால் என் இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவோம் என்று ஏஜென்சியில் சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் கல்லூரியில் என் அறையில் இருந்த தோழி போன் செய்தாள். கடலூர்ப் பக்கம் கடலோரத்துக் கிராமம் அவளுக்கு. முதல் முறையிலேயே தேறிவிட்டு விசாவுக்கும் விமானத் தேதிக்குமாகக் காத்திருந்தாள். "எங்க வூட்டுல வந்து நாலு வாரம் இருடி. உன்ன உரிச்சு உப்பு தடவிடறேன்" என்றாள். நாலு வயது மகளை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, அரூர், திருவண்ணாமலை என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தேன்.

கடலைப் பார்த்தால் மனசு லேசாகும் என்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இருபத்து நாலு மணி நேரமும் ஓயாத இரைச்சல். பேச்சுப் பழகுவதற்காகக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெள்ளைக்கார டாக்டர் பேசுவதைக் கேட்டால், பாதி வார்த்தையை அலை வாங்கிக்கொண்டு போய்விடும். நோட்டுத் தாள் பிசுபிசுவென்று ஒட்டும். நாளும் போய்க்கொண்டே இருந்தது.

வீட்டில் தோழியும் அவள் அப்பாவும் மட்டும்தான். அம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது, பக்கத்து வீட்டில் அத்தை இருந்தார். அப்பாவுக்கு அறுபது இருக்கும். ஆறு மாதமாகக் கடலுக்குப் போகவில்லை. பின்பக்கக் கொட்டகையில் வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாங்கள் ஒத்திகை பார்ப்பதும் அங்கேதான். ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாது, ஆனால் கண்ணை எடுக்காமல் பார்ப்பார். "என்னா பொண்ணு, எம் மவகிட்ட இந்தத் திட்டு வாங்குற. உங்க ஊரு டீச்சருங்க உன்ன அடிக்கவே இல்லியா?" என்று கிண்டல் செய்வார்.

மூன்றாம் நாள் மதியம் அவர் சாப்பிடுவதைப் பார்த்தேன். சோற்றைக் கரைத்து, வடிகட்டி, டம்ளரில் குடித்தார். பாதியில் நிறுத்தி, நெஞ்சைத் தடவிக்கொண்டு, எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தார். இடுப்பில் கைலி நிற்காமல் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். "அல்சருமா. மாத்திர சாப்புடறேன்" என்றார் என்னிடம். நான் நர்ஸ். அது அல்சர் இல்லை.

தோழியைக் கேட்டேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு படகுகளுக்குப் பின்னால் போனாள். உணவுக்குழாயில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது, ஆபரேஷன் பண்ண முடியாது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சொன்னது அவளிடம் மட்டும். ரிப்போர்ட் அவள் வெளிநாட்டுக்குக் கட்டி வைத்திருந்த பெட்டிக்குள் இருந்தது.

"நீ எப்படிடி போவ?" என்றேன்.

"போவாம நின்னா ஏன் நிக்கறன்னு கேப்பாரு. நின்னாலே சொன்ன மாதிரிதான். தெரிஞ்சா ஒரு வாரத்துல படுத்துடுவாருடி, எனக்குத் தெரியும் எங்கப்பாவ. நீ வாயத் தொறந்தா நம்ம சிநேகிதம் அன்னையோட சரி."

சத்தியம் வாங்கிக்கொண்டாள். கொடுத்தேன். எங்கள் ஊர் வழக்கமும் அதுதானே, எனக்கு அதில் கஷ்டம் ஒன்றும் இருக்காது என்றுதான் நினைத்தேன்.

கஷ்டம் மறுநாளே வந்தது. என்னால் எதைச் சொல்ல முடியவில்லையோ அதையேதான் திரும்பத் திரும்பப் பழக வேண்டும். தோழி நோயாளியாக உட்காருவாள், நான் அவள் கண்ணைப் பார்த்து ஆங்கிலத்தில் உங்களுக்குப் புற்றுநோய் என்று சொல்ல வேண்டும். பத்தடி தள்ளி அவர் வலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார். அந்த வார்த்தை மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். "கேன்சர்" என்பது எந்த ஊரில்தான் தெரியாது. நான் அந்த இடத்தில் குரலை இறக்குவேன். தோழி தொடையில் தட்டுவாள்.

"முணுமுணுக்காத. திரும்பச் சொல்லு. அங்க இப்படி முணுமுணுத்தா நாக்கப் புடுங்கிக்கறதுதான்."

"அவரு உக்காந்திருக்காருடி."

"அவருக்கு இங்கிலீஷ் தெரியாது."

"உனக்கு எப்படிடி இப்படிக் கல்லு மாதிரி இருக்க முடியுது?"

கேட்டிருக்கக் கூடாது. அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் வரைக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதது எனக்குக் கேட்டது, அவருக்கும் கேட்டிருக்கும்.

மூன்றாவது வாரம் விசா வேலையாக அவள் சென்னை போயிருந்தாள். காலை பத்து மணி இருக்கும். நான் கொட்டகையில் உட்கார்ந்து அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவர் வலையைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு கேக்கறேன். நீ வூட்டு ஆளு இல்ல, அதான் உன்னக் கேக்கறேன். எனக்கு என்னா?"

என் கையிலிருந்த அட்டையில் எழுதியிருந்தது இதுதான். நோயாளி கேட்டால் முதலில் அவருக்கு என்ன தெரியும் என்று கேள், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேள், பிறகு நிதானமாக, நேராகச் சொல். மூன்று வாரமாக மனப்பாடம் செய்தது. வாயில் வந்தது என்னவென்றால், "அல்சர்தானுங்கப்பா. மாத்திர விடாம சாப்புடுங்க, சரியாப் போயிடும்."

"சரி" என்றார். வலையை எடுத்துக்கொண்டார். ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு, "அப்ப ஏன் தரையப் பாத்துப் பேசற?" என்றார். நான் அட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். மீதி நாட்களில் அவர் என்னைக் கிண்டல் செய்யவே இல்லை. அது எனக்குத் தாங்கவில்லை. எப்படா ஊருக்குப் போவோம் என்று ஆகிவிட்டது.

பரீட்சை பெங்களூரில். எதிரில் தலை நரைத்த ஒருவர் உட்கார்ந்தார். அட்டையைத் திருப்பினேன். வயிற்றில் புற்றுநோய், நோயாளி தனியாக வந்திருக்கிறார், முடிவை அவரிடம் தெரிவிக்க வேண்டும். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். உங்களுக்கு இதுவரை என்ன தெரியும் என்று கேட்டேன். எல்லாவற்றையும் சொல்லட்டுமா என்று கேட்டேன். சொல்லுங்கள் என்றார். அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அவர் பேசாமல் இருந்தபோது நானும் பேசாமல் இருந்தேன். ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அவர் நன்றி சொல்லிவிட்டு அடுத்த அட்டையை எடுத்தார்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு என் மேலேயே அப்படி ஒரு கோபம். ஓசூர் தாண்டும் வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். ஒரு வியாதியும் இல்லாத மனுஷனுக்கு அத்தனை பக்குவமாகச் சொல்லத் தெரிந்தது. தேறிவிடுவேன் என்றும் தெரிந்தது. சந்தோஷமே வரவில்லை.

தேறிவிட்டேன். முடிவு வந்த மறுநாள் காலை, எங்கள் தோட்டத்துத் தக்காளிக் கூடைகளோடு வீட்டுக்காரரும் நானும் பாலக்கோடு மண்டியில் இருந்தோம். ஏலம் ஆரம்பித்திருந்தது. தோழியின் எண்ணிலிருந்து போன். எடுத்தால் அவள் அப்பா.

"பாஸாமே. மவ சொன்னா. அவ கடைக்குப் போயிருக்கறா, அவ போன்லேந்துதான் பேசறேன்."

"ஆமாங்கப்பா. நல்லா இருக்கீங்களாங்க?"

"பரிச்சையில என்னா கேட்டாங்க?"

சர்க்கரை வியாதி என்று சொல்லியிருக்கலாம். கையில் இருந்த கூடையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, லாரிகளுக்குப் பின்னால் சத்தம் குறைவான இடமாகப் பார்த்து நடந்தேன்.

"ஒருத்தருக்குக் கேன்சருன்னு ரிப்போர்ட் வந்திருக்குதுங்க. அத அவருகிட்டயே சொல்லணும். அதானுங்க பரீட்சை."

"நேராவே சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேனுங்க."

"எங்க வந்திருந்துச்சாம் அவனுக்கு?"

அட்டையில் இருந்தது வயிறு. நான், "சாப்பாடு எறங்கற கொழாயிலங்க" என்றேன். சொன்ன பிறகு லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் அலைச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஆப்ரேசன் பண்ணா?"

"பண்ண முடியாதுங்க. ஈரலுக்கும் போயிடுச்சு. வலி தெரியாமப் பாத்துக்கலாம், அதுக்கு மருந்து இருக்குதுங்க."

"எத்தினி நாளுன்னு கேட்டானா?"

அந்த நரைத்த மனிதர் அதைக் கேட்கவே இல்லை. "கேட்டாருங்க. மாசக் கணக்குலதாங்க. ஆறு மாசம் தாண்டறது கஷ்டம்னு சொன்னேங்க."

"அழுதானா?"

"இல்லீங்க. பேசாம இருந்தாரு."

"ம். அவனுக்குப் பொண்ணு கிண்ணு இருக்குதா?"

"இருக்குதுங்க."

"அப்ப தனக்குத் தெரியும்னு அதுகிட்ட சொல்ல வேணாம்னு சொல்லியிருப்பான். அது எங்கியோ வேலைக்குப் போவணும், போவட்டும்." பிறகு, "நீ நல்லாத்தான் சொல்லியிருக்கற பொண்ணு. மவ வரா, வைக்கறேன்" என்றார்.

அடுத்த மாதம் தோழி புறப்பட்டுப் போனாள். விமான நிலையத்திலிருந்து எனக்கு மெசேஜ் அனுப்பியிருந்தாள். அப்பா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே வந்தாராம், வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் வைத்தாராம், சிரித்துக்கொண்டே கை காட்டினாராம். கடைசியில், "நல்லவேளடி, அவருக்கு எதுவும் தெரியாது" என்று எழுதியிருந்தாள். நான் என்னென்னவோ தட்டி, தட்டியதையெல்லாம் அழித்துவிட்டு, பத்திரமாகப் போய்ச் சேர் என்று மட்டும் அனுப்பினேன்.